பெட்டி, பூட்ஸ், ஒரு சின்ன க்ளெய்ம்

கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் ஜனங்கள் மூட்டுவலியைச் சொல்வார்கள். என்னைப் பார்த்தால் பெட்டியைச் சொல்வார்கள். "மேடம், துபாய் போனப்ப பெட்டி ஒரு நாள் லேட்டா வந்துச்சு. இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தோம். க்ளெய்ம் போடலாமா, இல்ல வெறும் அலைச்சல்தானா?" சரியாகப் பந்தியில் பாயசம் ஊற்றும் நேரத்தில்தான் கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அந்த வேலைக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "விடுங்க சார், அந்தத் தொகைக்கு ஜெராக்ஸ் எடுத்தே கை ஓஞ்சிரும்" என்பேன். பயணக் காப்பீட்டின் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே, க்ளெய்ம் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன ஆள் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

க்ளெய்ம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். விதிகளைப் பயிற்சி வகுப்பில் படித்திருப்பீர்கள், அதை நான் மறுபடி ஓதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும் தப்பு அது. ஆனால் அது நடந்த சமயத்தில் ஒரு மனிதருக்கு அதனால் தூக்கம் போயிற்று.

என் பணியின் பெரும்பகுதி சங்கரன்கோவில் பக்கம் கழிந்தது. அங்கே நான் பார்த்தது மாட்டு இன்ஷூரன்ஸ். மாடு செத்துவிட்டது என்று தகவல் வந்தால் போய் நின்று, காதில் மாட்டிய டேக் நம்முடையதுதானா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒரே மாட்டை மூன்று தடவை சாகடித்த ஆட்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அதனால் யாராவது வாயைத் திறந்தாலே இதில் எவ்வளவு பொய் என்று கணக்குப் போடும் புத்தி எனக்கு வந்துவிட்டது. அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு அம்பத்தூருக்கு மாற்றினார்கள். மாடு போய்ப் பெட்டி வந்தது. "மாட்டுக்குக் காதுல டேக், பெட்டிக்குக் கைப்பிடியில டேக், அவ்வளவுதான வித்தியாசம்" என்று முதல் நாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மரியாதைக்குச் சிரித்தார்கள்.

திருநின்றவூரில் வாடகைக்கு வீடு பிடித்து, மின்சார ரயிலில் அம்பத்தூர் வந்து போனேன். ரயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரியாத இடத்தில் சிரித்துத் தலையாட்டிவிடுவேன். எங்கள் ஊர்ப் பேச்சை அவர்கள் கேலி செய்வார்கள், அவர்கள் பேச்சை நான் உள்ளுக்குள் கேலி செய்வேன். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி பவித்ராவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். எங்களிடம் பத்திரிகைத் தமிழில் பேசுவாள், அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தால் அப்படியே வேறு தமிழுக்கு மாறிவிடுவாள். அந்தத் தமிழை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

நான் வந்து மூன்றாவது வாரம். சாயங்காலம் ஐந்தேகால் இருக்கும். ஐந்து நாற்பது ரயிலைப் பிடிக்கக் கைப்பையை மடியில் எடுத்து வைத்திருந்தேன். போன் அடித்தது. வெளிநாட்டு அழைப்பு, கரகரவென்று ஒரே இரைச்சல்.

"மேடம், என் பேரு ஏழுமலை. அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபிட்டரு. இப்ப வியட்நாம்ல கீறேன்."

"சொல்லுங்க சார், என்ன விஷயம்?"

"பெட்டி பூட்ச்சு மேடம்."

என் காதில் விழுந்தது "பெட்டி, பூட்ஸ், மேடம்" என்றுதான். ஃபிட்டர் என்கிறார், பூட்ஸ் வைத்திருப்பார், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. பெட்டி ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி என்று கணினியில் அடித்தேன். என்னுடைய கவனத்தைப் பாருங்கள், அதோடு விடவில்லை.

"பெட்டியும் பூட்ஸுமா சார்?"

"ஆமா மேடம், பூட்ச்சு."

"பூட்ஸ் பெட்டிக்குள்ள இருந்ததா, தனியாவா?"

"தனியாத்தான் மேடம் பூட்ச்சு. நா இங்க கீறேன், அது எங்கியோ கீது. நாளைக்குப் பெட்டி வந்துரும்னு கவுண்டர்ல சொன்னாங்கோ. பேப்பரு ஒண்ணு குட்துகீறாங்கோ."

"அந்தப் பேப்பரைப் பத்திரமா வச்சுக்கங்க சார்" என்று சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. பெட்டி தாமதம், பூட்ஸ் தனியாகத் தொலைந்தது என்று குறிப்பை முடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

நடந்தது என்னவென்றால், ஏழுமலை வேலை பார்க்கும் பட்டறையில் மசாலாப் பொடிப் பொட்டலம் போடும் இயந்திரம் செய்கிறார்கள். வியட்நாமில் ஒருவர் அதை வாங்கியிருந்தார். அதைப் பொருத்திக் கொடுக்கப் போனது ஏழுமலையின் முதல் விமானப் பயணம். வழியில் விமானம் மாறிய இடத்தில் பெட்டி பின்தங்கிவிட்டது, மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தது. இடையில் மாற்றுத் துணிக்கு ஒரு பேண்ட், ஒரு சட்டை, பல் விளக்கும் பிரஷ் வாங்கியிருக்கிறார். பெட்டி குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அந்த மாதிரி அவசரச் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது பாலிசி. இதைவிடச் சின்ன க்ளெய்ம் எங்கள் மேசைக்கு வராது.

ஊர் திரும்பியதும் படிவத்தை அனுப்பினார். நான் பார்த்த படிவங்களிலேயே அழகானது அது. ஆங்கிலத்தில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, ஒன்றுகூடக் கோட்டைத் தொடாமல் எழுதியிருந்தார். விமான நிலையத்தில் கொடுத்த தாமதச் சான்று, பெட்டியின் டேக், போர்டிங் பாஸ் எல்லாம் வரிசையாக இருந்தன. வியட்நாம் கடை ரசீது எங்களுக்குப் புரியாது என்று யோசித்து, பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில் "பேண்ட், சட்டை, பிரஷ்" என்று குறித்திருந்தார். பயணத்துக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று அவராகவே ஒரு போட்டோவும் வைத்திருந்தார். இயந்திரத்தின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறார், காலில் கறுப்பு பூட்ஸ்.

பூட்ஸைப் பார்த்ததும் எனக்கு மாட்டு ஞாபகம் வந்துவிட்டது. போனில் பூட்ஸ் தொலைந்தது என்றார். படிவத்தில் பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டோவிலோ அது காலிலேயே இருக்கிறது. முதலில் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறார், பிறகு பயந்து விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அழைப்பின் ஒலிப்பதிவு இருந்தது, அதைக் கேட்டிருக்கலாம். பெரிய தொகை என்றால் இரண்டையும் செய்திருப்பேன். சின்னத் தொகைக்கு யார் மெனக்கெடுவார்கள்? கணினியில் மறுப்புக் காரணங்களின் பட்டியலில் "உண்மைக்குப் புறம்பான தகவல்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். கடிதம் தானாகப் போய்விட்டது. வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஒரு பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். பவித்ராவும் இரண்டு சாப்பிட்டாள்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, யாரோ ஒருவர் என்னைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதாக வரவேற்பிலிருந்து சொன்னார்கள். வரச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாங்கள் அனுப்பிய கடிதம்.

"மேடம், நாந்தான் ஏழுமலை. எனக்குக் காசு வேணாம். அத்தக் கேக்க வர்ல. நா இன்னா பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சிகினு போய்டறேன்."

அவர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய இயந்திரத்தை ஜெர்மனியில் ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. பொருத்திக் கொடுக்க மூன்று மாதம் அவர்தான் போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை விசாவுக்குப் போக வேண்டும். அந்த விசாவுக்குப் பயணக் காப்பீடு இல்லாமல் முடியாது. எங்களிடம் கேட்டதற்கு, பழைய பொய் க்ளெய்ம் பதிவில் இருக்கிறது, தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடத்தில் கேட்டால், இதற்கு முன் எந்த நிறுவனமாவது மறுத்திருக்கிறதா என்று படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. கம்பெனி பெயரில் வெளிநாடு போய்ப் பொய்க் கணக்கு எழுதினாயா என்று கேட்டாராம். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போவார், அதற்கப்புறம் பட்டறையில் இவரும் இருக்க வேண்டியதில்லை.

எனக்கு இரக்கம் வரவில்லை. பிடிபட்டவர்கள் எல்லோரும் ஒரு கதையோடு வருவார்கள் என்பது மாட்டுக் காலத்துப் பாடம். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"பூட்ஸ் தொலஞ்சிட்டுன்னு போன்ல சொன்னீங்க. இது யார் காலு?"

குனிந்து பார்த்தார். "என் காலுதான். பூட்ஸும் என்துதான். இது எங்க மேடம் தொலஞ்சுது? பெட்டில வச்சா வெயிட்டு ஏறும்னு ஏரோப்ளேன்லயே போட்டுகினுதான போனேன்."

"அப்ப எதுக்குத் தொலஞ்சிட்டுன்னு சொன்னீங்க?"

"நா எப்ப மேடம் சொன்னேன்?"

எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கவரை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கில்லை, தனக்குத்தானே சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "இருவது வருசம் சம்பாரிச்ச பேரு பூட்ச்சு. ஜெர்மனியும் பூட்ச்சு."

"பாருங்க, இப்பவும் அதத்தான் சொல்றீங்க" என்றேன் நான். "அது என்ன ஜெர்மனி பூட்ஸு?"

ஆமாம், அப்படித்தான் கேட்டேன். பவித்ரா டீ குடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் புரை ஏறிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம். அவர் பூட்ஸ்னு சொல்லல. பூட்ச்சுன்னு சொல்றார். போயிடுச்சுன்னு அர்த்தம்."

எங்கள் ஊரில் பெட்டி "போயிட்டு" என்போம். மதுரைப் பக்கம் "போயிருச்சு" என்பார்கள். இந்த ஊரில் அது பூட்ச்சு. தினமும் ரயிலில் என் தோளை இடித்துக்கொண்டு நூறு பேர் சொல்லும் வார்த்தை. எனக்கு அவமானமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்று பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டோம். "தனியாத்தான் மேடம் பூட்ச்சு, நா இங்க கீறேன், அது எங்கியோ கீது" என்ற இடம் வந்ததும் பவித்ரா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். ஏழுமலை கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த அறையில் சிரிக்காத ஒரே ஆள் நான்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார். "நல்லாத்தான் கீது மேடம். ஆனா இந்த லெட்டர எனக்குப் படிச்சுக் காட்டனது எம் பொண்ணு. ஒம்பதாவது படிக்குது. இங்கிலீஷ் லெட்டரு, அதான் குட்தேன். 'அப்பா, நீ பொய் சொல்லிகீறன்னு போட்டுகீது'ன்னுச்சு. நா அப்டிலாம் சொல்லலம்மான்னேன். அது லெட்டர மடிச்சு டிவி மேல வச்சுட்டு உள்ள பூட்ச்சு." இந்தத் தடவை அந்த வார்த்தை எனக்குச் சரியாகக் கேட்டது.

படிவத்தைக் கட்டம் கட்டமாக எழுதியவர் நீங்கள்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஆங்கிலத்தில் அவர் தன் கையால் நிரப்பிய முதல் படிவமாம். இந்தச் சின்ன விஷயத்துக்கு எதற்கு க்ளெய்ம் என்று பட்டறையில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நாமும் ஒரு படிவம் நிரப்பி அனுப்பிப் பார்ப்போமே என்று மகளிடம் ஸ்பெல்லிங் கேட்டுக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

எங்கள் பிரிவு மேலாளரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எதையும் பட்டென்று சொல்லமாட்டார், சுற்றி வளைப்பார், அதனால் அவரைக் கொஞ்சம் இளக்காரமாகவே நினைத்திருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார்.

முதல் வழி சுலபம். கூடுதல் ஆவணம் வந்திருக்கிறது, மறுபரிசீலனை செய்தோம் என்று எழுதிவிட்டால் பத்து நிமிடத்தில் தொகை போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியவராது. ஆனால் ஒருமுறை மறுக்கப்பட்டவர் என்ற பதிவு அப்படியே இருக்கும், ஜெர்மனிக்கு அது உதவாது. இரண்டாவது வழியில் மறுப்பையே அடித்துவிடலாம். அதற்குத் தப்பு அலுவலகத்தினுடையது என்று பெயர் போட்டு ஒருவர் எழுதித் தர வேண்டும். மும்பைத் தலைமை அலுவலகத்தில் இருக்கும் மேல்முறையீட்டுக் குழு அதை ஏற்க வேண்டும். குழு மறுநாள் காலை வீடியோவில் கூடுகிறது, அதை விட்டால் அடுத்த மாதம்தான்.

அந்தச் சமயத்தில் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஓய்வுக்கு முன்னால் எனக்குக் கிடைக்கக்கூடிய கடைசி உயர்வு. வேறு வழி ஏதாவது இருக்கிறதா சார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, இரண்டு தடவை கேட்டேன்.

மேலாளர் அன்றைக்கு மட்டும் சுற்றி வளைக்கவில்லை. "எழுதினா உங்க ஃபைல்ல நிக்கும் மேடம். எழுதலைன்னா அவர் ஃபைல்ல நிக்கும். யாரு ஃபைல் தாங்கும்னு நீங்களே பார்த்துக்கங்க."

என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். ஏழுமலை இன்னும் வரவேற்பில் முழங்காலில் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எனக்கு ஒரு உயர்வு போனால் வீட்டில் யாரும் என்னைப் பொய் சொல்கிறவள் என்று நினைக்கப் போவதில்லை. எழுத ஆரம்பித்தேன். சிரமம் எங்கே வந்தது தெரியுமா, காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில். அதில் வாடிக்கையாளர் செய்யக்கூடிய தப்பு எல்லாம் இருந்தது, நாம் செய்யக்கூடிய தப்பு ஒன்றுகூட இல்லை. "மற்றவை" என்பதை அழுத்திவிட்டு, பூட்ச்சு என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் என் விளக்கத்தை இரண்டு தடவை படித்திருப்பார் போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள் ஊரில் பூட்ஸ் என்பது வினைச்சொல்லா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம் மேடம். இறந்த காலம்" என்றேன்.

திரையில் மூவரும் வரிசையாகத் தங்கள் ஒலியை அணைத்தார்கள். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினோம். வேறு உதாரணம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, சாட்சியாக வந்திருந்த பவித்ரா எழுந்து நின்று பள்ளிக்கூடப் பிள்ளை போல் ஒப்பித்தாள். பஸ் பூட்ச்சு, கரண்ட் பூட்ச்சு, மானம் பூட்ச்சு. நான் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்றாவது ஆள் சந்தேகப் பிராணி. நிஜமாகவே ஒருவருடைய பூட்ஸ் தொலைந்துபோனால் என்ன சொல்வார் என்று கேட்டார்.

"பூட்ஸு பூட்ச்சு" என்றாள் பவித்ரா.

அத்தோடு விசாரணை முடிந்தது. மறுப்பை முழுவதுமாக அடித்துவிட்டார்கள். என் ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு ஏறியது. அந்த வருடம் உயர்வு வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை, அதற்குள் ஓய்வே வந்துவிட்டது. வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் அதுவும் உண்மைக்குப் புறம்பான தகவல்தான்.

சாயங்காலம் ஏழுமலை வந்தார். ஜெர்மனிக்கான பாலிசி தயாராக இருந்தது. வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அங்கயும் பெட்டி லேட்டாச்சுன்னா இன்னா மேடம் பண்ணட்டும்? போடட்டா, வேணாமா?"

என் நாக்கு நுனியில் பழைய பதில்தான் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, "கண்டிப்பாப் போடுங்க" என்றேன்.

உங்களிடமும் எல்லோரும் இதையே கேட்பார்கள். பாலிசி சொல்லும் மணி நேரத்துக்குள் பெட்டி வந்துவிட்டதென்றால் விட்டுவிடச் சொல்லுங்கள், அதில் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் தாமதமாகி, கவுண்டரில் கொடுத்த காகிதம், டேக், போர்டிங் பாஸ், ரசீது நான்கும் கையில் இருந்தால் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். தொகை சின்னது என்று வெட்கப்பட வேண்டாம். நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது அந்த இடத்தில்தான். பெரிய க்ளெய்மைப் பத்துப் பேர் பார்ப்பார்கள், உங்கள் தப்பு எங்கேயாவது பிடிபட்டுவிடும். சின்ன க்ளெய்மைப் பார்ப்பது நீங்கள் ஒருவர் மட்டும்தான். நீங்கள் கொடுக்கும் தொகைதான் சின்னது. மறுப்பதற்கு எழுதும் காரணம் எல்லா க்ளெய்முக்கும் ஒரே அளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏழுமலையிடம் மறுப்பு நீக்கப்பட்டது என்ற கடிதத்தை ஆங்கிலத்தில் கொடுத்தேன். தமிழில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார், முதலாளிக்கு அது போதும், வீட்டுக்கு இது வேண்டும் என்றார். உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். திரு. ஏழுமலை எங்களிடம் சொன்னவை அனைத்தும் உண்மை, அவர் பேசியதை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டோம், தவறு எங்களுடையது. அவ்வளவுதான். அச்சில் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. கதவு திறந்ததும் அவர்தான் வந்து நின்றார். விசாவில் ஏதோ சிக்கல் என்று நினைத்தேன். அவர் அந்தத் தமிழ்க் கடிதத்தை மேசையில் விரித்து, அடியில் இருந்த வரியைக் காட்டினார். கணினியில் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை என்று எல்லாக் கடிதத்திலும் தானாக விழும் வரி.

"பாப்பா ஒத்துக்க மாட்டேங்குது மேடம். 'நீ பொய் சொன்னன்னு சொன்னதும் யாருன்னு தெரியல, இல்லன்னு சொல்றதும் யாருன்னு தெரியல, இத்த எப்டிப்பா நம்புறது'ன்னு கேக்குது."

பேனாவை எடுத்தேன். அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே முழுப் பெயரையும் பதவியையும் எழுதி, "உன் அப்பா சொன்னதைத் தப்பாகக் கேட்டது நான்தான்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஏழுமலை மை காயும் வரை காகிதத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, "இல்லை" என்று என் மேசையிலிருந்து போன ஒவ்வொரு கடிதத்திலும் என் கையெழுத்து இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால், எவ்வளவு சின்னத் தொகையானாலும் அதற்கு முன்னால் ஒலிப்பதிவைக் கடைசி வரை கேட்டேன்.